முதல்நிலை மரு

பூவம்மாளின் பசுவுக்கு மடிக்காம்பில் மரு வந்திருக்கிறது என்ற செய்தி சுவருக்கு இந்தப் பக்கம் வந்து சேர்ந்தபோது குந்தவை சோறு வடித்துக்கொண்டிருந்தாள். அவள் சந்தோஷப்பட்டாள் என்று சொன்னால் அது அபாண்டம். வடித்த கஞ்சியில் உப்புப் போட்டு, வழக்கத்தைவிட ஒரு டம்ளர் கூடுதலாகக் குடித்தாள். அவ்வளவுதான்.

இருவரும் ஓரகத்திகள். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு பூதலூர் பக்கம் செங்கழனிக்குடிக்கு வந்தவர்கள். பாகம் பிரித்தபோது வீட்டுக்கு நடுவே சுவர் எழுந்தது. நஞ்சை சரிபாதியானது. ஒரே தாய்ப்பசு ஈன்ற இரண்டு கிடேரிகளில் மூத்ததான சிட்டு அண்ணன் பக்கமும், இளையதான செவலை தம்பி பக்கமும் போயின. ஆனாலும் சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாம் கொஞ்சம் செழிப்பாகவே நடப்பதாகக் குந்தவைக்குத் தோன்றும். போன வருஷம் பூவம்மாளின் புருஷனுக்கு அறுபது முடிந்து, திருக்கடையூரில் வைத்து மறுபடி தாலி கட்டினார்கள். வேன் வைத்து ஊரையே அழைத்துப் போனார்கள். அன்று மாலையும் கழுத்துமாக நின்ற பூவம்மாளின் போட்டோ இப்போது தெருவிலிருந்து பார்த்தாலே தெரிகிற இடத்தில் தொங்குகிறது.

"நமக்கு எப்பங்க?" என்று குந்தவை தன் புருஷன் செந்தில்குமாரைக் கேட்டாள்.

"எனக்கு அறுபது ஆக வேணாமா? அண்ணன் முன்னாடி பொறந்துட்டாரு. அதுக்கு நான் என்ன பண்றது?"

இந்தப் பதிலை அவள் மன்னிக்கவில்லை.

இரண்டு வீட்டு மாடுகளையும் கறந்து கொடுப்பவர் ரெங்கசாமி. சிட்டுவைக் கறந்த கையோடு சுவரைச் சுற்றி வந்து செவலையைக் கறப்பார். அதனால் குந்தவை கூடுதலாகக் குடித்த கஞ்சி அதிக நாள் தாங்கவில்லை. செவலையின் காம்புகளிலும் கடுகு போல ஏதோ அரும்பி, மிளகு போல ஆனது. கை பட்டதும் செவலை உதைத்தது. பால் குவளை முற்றத்தைக் கடந்து உருண்டது. கன்று முட்டினால் அதையும் தள்ளிவிட்டது. மடியில் பால் தங்கித் தங்கி வீங்கியது.

"எல்லாத்தையும் தானே வச்சுக்கிறவங்க, இத மட்டும் எனக்கு அனுப்பி வச்சிருக்காங்க பாருங்க" என்றாள் குந்தவை.

மாட்டு வைத்தியத்துக்கு அந்த ஊரில் இருந்தது மாவட்டக் கறவை நல வாரியத்தின் கிளை நிலையம். ஒரே காலையில் இரண்டு பெண்களும் தத்தம் மாட்டை ஓட்டிக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்க்காத தூரம் விட்டு, அங்கே போய்ச் சேர்ந்தார்கள். டாக்டர் அறிவுமதி வேலைக்குச் சேர்ந்து அதிக நாளாகாத பெண். குனிந்து இரண்டு மடியையும் பார்த்தாள்.

"இது மருதாம்மா. பயப்பட ஒண்ணுமில்ல. ஆனா தொத்தும். கறக்கிறவரு சோப்புப் போட்டுக் கை கழுவணும். மரு இருக்கிற மாட்டக் கடைசியாக் கறக்கணும். தொங்குற மருவுல நூல் போட்டு இறுக்கிக் கட்டிட்டா விழுந்துடும். மிச்சம் சில மாசத்துல தானாவே உதிரும்."

சொல்லிவிட்டு நூலை எடுத்தாள். வைத்தியம் அப்போதே முடிந்திருக்க வேண்டியது. அந்த நேரம் பார்த்து வாசலில் ஜீப் வந்து நின்றது. இறங்கியவர் வாரியத்தின் செயல் அலுவலர் பரிதி. அவர் முகத்தில் பல வாரத் துயரம் இருந்தது. மேலிடத்திலிருந்து வாரியத்துக்கு 'மருவிலா மடி' என்றொரு சிறப்புத் திட்டம் வந்திருந்தது. நிதி வந்துவிட்டது, குத்துவிளக்கு வந்துவிட்டது, தொடக்க விழாவுக்குப் பந்தல்காரரும் பேசியாகிவிட்டது. மரு மட்டும் வரவில்லை. மாவட்டம் முழுக்கத் தேடியும் விழாவுக்கு ஏற்ற ஒரு மரு அகப்படவில்லை. போன கூட்டத்தில் வாரியத் தலைவர் அவரை நிற்கவைத்துக் கேட்டிருந்தார்: "ஒரு மரு கொண்டுவர வக்கில்லாத அலுவலர் எதுக்கு?"

பரிதி சிட்டுவின் அடியில் குனிந்தார். மூலவரைத் தரிசிப்பவர் போல வாய் திறந்தபடி அப்படியே இருந்தார்.

"டாக்டர்! நூலைக் கீழ வைங்க."

"சார், கட்டிட்டா அதுக்கு…"

"கீழ வைங்கன்னு சொல்றேன்!"

பிறகு அவர் பெண்கள் பக்கம் திரும்பி, வாரியத்தின் நெறிமுறையை விளக்கினார். மருவில் மூன்று நிலை உண்டு. அரைநெல்லிக்காய் அளவிருந்தால் முதல்நிலை. சுண்டைக்காய் அளவு இரண்டாம் நிலை. மிளகு அளவு மூன்றாம் நிலை. விழா மேடையில் ஏறத் தகுதியுள்ளது முதல்நிலை மட்டுமே. சிட்டுவுடையது ஐயத்துக்கிடமில்லாத முதல்நிலை. செவலையின் மடியை அவர் ஒரு கண்ணால் பார்த்து, "மூணு" என்றார்.

"மூணாம் நிலைன்னா மோசமா சார்?" என்று கேட்டாள் குந்தவை.

"மோசம்னு சொல்ல முடியாதும்மா. வளர வாய்ப்பிருக்கு. மனசத் தளர விடாதீங்க."

மாட்டுக்கு மரு இருக்கிறதே என்று கவலைப்பட்டுக்கொண்டு வந்தவள், அது சிறியதாக இருக்கிறதே என்று கவலைப்பட்டுக்கொண்டு திரும்பினாள். முன்னால் பூவம்மாள் சிட்டுவை ஓட்டிக்கொண்டு நடுரோட்டில் போய்க்கொண்டிருந்தாள். எதிரே வந்த நெல் லாரி ஒதுங்கிப் போனது.

அந்த வாரமே சுவருக்கு அந்தப் பக்கம் ஆள்கள் வந்து இறங்கினார்கள். சிட்டுவுக்குப் பச்சை நிழல்வலை கட்டினார்கள். காலுக்கு ரப்பர் விரிப்பு போட்டார்கள். மேலே மின்விசிறி மாட்டினார்கள். வாசலில் 'மாவட்ட முன்மாதிரி மருப் பசு இல்லம்' என்று பலகை நட்டார்கள். செய்தித்தாளில் படம் வந்தது. படத்தின் கீழே 'மருவுடன் மகிழ்ச்சியாகப் பூவம்மாள்' என்று போட்டிருந்தார்கள். மரு யாருடையது என்பதில் வாசகருக்குக் குழப்பம் வரலாம். பூவம்மாளுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. அந்தப் படத்தையும் திருக்கடையூர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள்.

ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. விழாவுக்கு முன்னால் மாட்டுக்கு எந்த வைத்தியமும் செய்யக் கூடாது. முதல் நூலைத் தலைவர் கையால்தான் கட்ட வேண்டும். ஒரு சொட்டு மருந்து பட்டாலும் பயனாளித் தகுதி போய்விடும்.

"சார், அதுக்கு வலிக்கும்" என்றாள் டாக்டர் அறிவுமதி.

"வலியும் திட்டத்துல ஒரு கூறுதான் டாக்டர். வலியே இல்லாம நிவாரணம் எப்படிக் குடுக்கிறது?" என்றார் பரிதி.

டாக்டருக்குச் செவலை மேல் இரக்கம். மூன்றாம் நிலை மருவை யார் கேட்கப் போகிறார்கள் என்று ஒரு களிம்பைக் குந்தவையிடம் கொடுத்தாள். "சுத்தமாக் கழுவித் தெனம் தடவுங்க. சீக்கிரம் கொறைஞ்சிடும்" என்றாள். குந்தவை அதை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். தொழுவத்தில் உட்கார்ந்து மூடியைத் திறக்கப் போனாள். அந்தப் பக்கம் மின்விசிறி சுழல்கிற சத்தம் கேட்டது. தடவினால் குறையும் என்றுதானே டாக்டர் சொன்னாள்? குறைந்துவிட்டால் அப்புறம் எங்கே வளர்வது? மூடியைத் திறக்காமலே எழுந்துவிட்டாள்.

அன்றிலிருந்து தினமும் காலையில் டார்ச் அடித்துச் செவலையின் மடியைப் பார்ப்பது அவளுக்கு வழக்கமாயிற்று. நாற்றங்காலைப் பார்வையிடுகிற மாதிரி பார்ப்பாள்.

"என்ன, கதிரு விட்டுடுச்சா?" என்பான் செந்தில்குமார்.

"நீங்க சும்மா இருங்க. நேத்தைக்கு இன்னைக்குக் கொஞ்சம் தடிச்சிருக்கு."

"ஏ குந்தவை, அது வாயில்லா ஜீவன். கால மாத்தி மாத்தி நிக்குது பாரு. மருந்தத் தடவித் தொலையேன்."

"அங்க விசிறி சுத்துதுங்க" என்றாள் குந்தவை.

மரு சுண்டைக்காயை எட்டியது என்று அவளுக்குத் தோன்றிய நாளில் வாரியத்துக்குப் போய், நிலையை உயர்த்தித் தரும்படி மனுக் கொடுத்தாள். வாரியம் அதற்கென்று ஒரு தரமுயர்வுக் குழுவை அனுப்பியது. குழுவினர் மதியச் சாப்பாட்டு வேளைக்கு வந்து சேர்ந்தார்கள். கொண்டுவந்த பித்தளை வளையங்களை ஒவ்வொன்றாக மருவில் பொருத்திப் பார்த்தார்கள். செவலை உதைத்ததில் ஒரு வளையம் சாணத்தில் விழுந்தது. பால் கறப்பதற்கு முன் அளப்பதா, பின் அளப்பதா என்று தகராறு வந்தது. கறந்த பின் மடி சுருங்குவதால் மரு பெரிதாகத் தெரியும், அது வாரியத்தை ஏமாற்றுவதாகும் என்றார் ஒருவர்.

"நல்லாப் பாருங்க சார். வலி தாங்காம மாடு படுக்கவே மாட்டேங்குது" என்றாள் குந்தவை.

"உணர்ச்சி வேறம்மா, விட்டம் வேற" என்றார் குழுத் தலைவர். "நாங்க விட்டத்தைத்தான் பார்க்க முடியும்."

சாப்பிட்டு முடித்துக் கை துடைத்தபின், செவலை இரண்டாம் நிலைக்கு உயர்த்தப்படுவதாகவும், சிட்டுவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அடுத்த இடம் செவலைக்குத்தான் என்றும் அறிவித்தார்கள். குந்தவை அன்றைக்குக் கேசரி கிண்டினாள். முந்திரி வறுத்த வாசனை சுவரைத் தாண்டியது.

"என்ன குந்தவை, விசேஷமா?" என்று குரல் வந்தது.

"செவலைக்கு ரெண்டாம் நிலை வந்திருக்குக்கா."

"நல்லா இருக்கட்டும். எங்க சிட்டுக்கு வர்றப்பவே முதல்நிலைதான்" என்றாள் பூவம்மாள்.

கேசரி குந்தவைக்கு இறங்கவில்லை.

விழா மட்டும் நடந்தபாடில்லை. முதல் தேதியில் தலைவருக்கு வேளாங்கண்ணியில் ஒரு மண்டபத் திறப்பு வந்துவிட்டது. அடுத்த தேதியில் மழை பிடித்துக்கொண்டு வயலெல்லாம் வெள்ளக்காடானது. அதற்கடுத்த தேதிக்குப் பேனர் வந்தது. அதில் 'மருவிலா மாடி' என்று அச்சாகியிருந்தது. அதைக் கட்டின அன்றே ஊரில் இரண்டு பேர் தங்கள் வீட்டுக்கும் மாடி வேண்டுமென்று மனுக் கொடுத்துவிட்டார்கள். அந்த மனுக்கள் பைசலாகும் வரை புதுப் பேனர் அடிக்க விதியில் இடமில்லை. இரண்டு பசுக்களும் தொழுவத்தில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றன.

கடைசியில் எல்லாம் கூடிவந்து, விழாவுக்கு முன்னால் பார்வையிடப் பரிதி பூவம்மாள் வீட்டுக்கு வந்தார். டாக்டர் அறிவுமதியும் கூட வந்தாள். தொழுவத்தின் முன்னால் பூவம்மாள் சாக்கைத் திரையாகத் தொங்கவிட்டிருந்தாள். பரிதி சாக்கை விலக்கிக் குனிந்தார். அவர் போட்ட சத்தத்தில் சுவருக்கு இந்தப் பக்கம் குந்தவை முறத்தைக் கீழே போட்டாள்.

"எங்கம்மா மரு?"

"உதிர்ந்துடுச்சு சார்" என்றாள் பூவம்மாள் மெதுவாக.

"யாரைக் கேட்டு உதிர்ந்துச்சு?"

"சார், நான் அப்பவே சொன்னேன்" என்றாள் டாக்டர். "தானாவே உதிரும்னு."

"திட்டம் நடக்கும்போது தானா எதுவும் நடக்கக் கூடாது டாக்டர்! அப்புறம் நாம எதுக்கு இருக்கோம்?"

அடுத்த நிமிஷம் அவர் சுவரைச் சுற்றிக்கொண்டு குந்தவையின் தொழுவத்துக்குள் வந்து நின்றார். டார்ச் கேட்டார். குந்தவை ஓடிப்போய்க் கொண்டுவந்தாள். இத்தனை நாள் மருந்து படாமல் செழித்த மருக்கள் செவலையின் காம்பில் காய்த்துத் தொங்கின. பரிதியின் கண் கலங்கியது.

"முதல்நிலை" என்றார். "இதுக்குக் குழுவே வேண்டாம். முதல்நிலைக்கும் மேல ஒண்ணு இருந்தா அதையே குடுப்பேன்."

கல்யாணமாகி வந்த நாள் முதல் குந்தவை இப்படியொரு வார்த்தைக்காகத்தான் காத்திருந்தாள். சுவருக்கு மேலே பூவம்மாளின் தலை தெரிந்தது. அந்த முகம் வாடியிருந்ததை அவள் நிதானமாக ஒரு முறை பார்த்துக்கொண்டாள்.

"அப்ப பேனர்ல எங்க பேரு வந்துடுமா சார்?"

"பேர் எப்படிம்மா மாறும்? பேனர் அடிச்சாச்சு, அழைப்பிதழ் போயாச்சு. எல்லாத்துலயும் சிட்டு, பூவம்மாள்னு இருக்கு. நீங்க கவலப்படாதீங்க. மாடு உங்களோடது, மரு உங்களோடது. பேர் மட்டும் அவங்களோடது. அக்கா தங்கச்சி மாடுங்கதானே? வித்தியாசம் யாருக்குத் தெரியப் போகுது?"

"மேடையில யாரு சார் நிப்பா?"

"பூவம்மாள் அம்மாதான். உங்களுக்கு முன்வரிசையில நாற்காலி போடச் சொல்றேன்."

"ஒரு நாளைக்குத்தானே குந்தவை" என்றாள் பூவம்மாள் சுவருக்கு மேலிருந்து. "குளிப்பாட்டி, மாலையோடயே திருப்பி அனுப்பிடுறேன்."

ஜீப் போன பிறகு குந்தவை தொழுவத்திலேயே நின்றாள். முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து, தன் மாட்டின் கழுத்தில் மாலை விழுவதையும், பக்கத்தில் பூவம்மாள் பட்டுச்சேலையில் கும்பிடுவதையும் மனதுக்குள் பார்த்தாள். செவலையின் பக்கத்தில் போனாள். அவள் கை நீளுவதற்கு முன்பே அது பயந்து காலைத் தூக்கியது.

"பேரு அவளுக்கு, வலி உனக்கா?" என்றாள்.

மாட்டுக்காகச் சொன்னாளா, தனக்காகச் சொன்னாளா என்று அவளுக்கே தெரியவில்லை. கயிற்றை அவிழ்த்தாள். ரோட்டில் போனால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று வாய்க்கால் கரையோடு மாட்டை ஓட்டிக்கொண்டு டாக்டரிடம் போனாள்.

"டாக்டரம்மா, கட்டிடுங்க."

"தகுதி போயிடும்மா. பரவால்லையா?"

"போகட்டும். அவங்களுக்குக் கிடைக்கக் கூடாது."

அறிவுமதி அவளை ஒரு கணம் பார்த்தாள். "எதுக்காகவோ வந்துட்டீங்க, அது போதும். கால நல்லாப் பிடிங்க" என்று நூலை எடுத்தாள். தொங்கிய மருக்களை ஒவ்வொன்றாக அடியில் சுருக்கிட்டு இறுக்கினாள். மிச்சத்துக்கு மருந்து தடவினாள். செவலை முதலில் திமிறியது. பிறகு குந்தவையின் தோளில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றது. 'மருவிலா மடி' திட்டத்தின் காலத்தில் வாரியத்தின் நிலையத்தில் ஒரு மாட்டுக்கு நடந்த ஒரே வைத்தியம் இதுதான். அதை நடத்தியது திட்டமல்ல, பொறாமை.

விழா வழக்கப்படி இன்னும் கொஞ்சம் தள்ளிப்போனது. அதற்குள் கட்டிய மருக்கள் கறுத்து விழுந்தன. மாட்டை மேடைக்கு அழைத்துப்போக முதல் நாளே வந்த பரிதி, செவலையின் சுத்தமான மடியைப் பார்த்துவிட்டுச் சாணி மெழுகிய தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "நூல நானேதான் கட்டினேன் சார்" என்றாள் குந்தவை, டாக்டரைக் காட்டிக்கொடுக்காமல். அவர் போனை எடுத்துத் தலைவரிடம் பேசினார். கேட்கக் கேட்க அவர் முகம் தெளிந்தது. தலைவர் என்றால் சும்மா இல்லை.

மறுநாள் அதே பந்தலில், அதே குத்துவிளக்கு ஏற்றி, 'தொடக்க விழா' என்ற எழுத்தின் மேல் 'வெற்றி விழா' என்று காகிதம் ஒட்டி, விழா நடந்தது. தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"அன்பார்ந்த கறவைப் பெருமக்களே! மற்ற இடங்களில் ஒரு திட்டத்தைத் தொடங்குவார்கள், பிறகு முடிப்பார்கள். சிலர் முடிக்கவே மாட்டார்கள். நாம் தொடங்கவேயில்லை, முடித்துவிட்டோம்! இன்று இந்த ஊரில் தேடினாலும் மரு இல்லை. ஒரு முழம் நூல் வாரியம் தரவில்லை. ஒரு சொட்டு மருந்து வாரியம் தரவில்லை. வாரியம் எதுவுமே செய்யாமல் இருந்ததால்தான் இந்தச் சாதனை நிகழ்ந்தது. அந்தச் செய்யாமையை ஓய்வு ஒழிச்சல் இல்லாமல் செய்த நம் அலுவலர்களுக்கு ஒரு கைதட்டு கொடுங்கள்!"

ஊர் கைதட்டியது. 'மருவை வென்ற மாதரசி' என்ற விருதும், பொன்னாடையும், எவர்சில்வர் பால் வாளியும் பூவம்மாளுக்குக் கிடைத்தன. முன்வரிசையில் குந்தவைக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். அந்த வாக்கைப் பரிதி காப்பாற்றினார். அவளுக்கும் ஒரு கவர் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து செந்தில்குமார் படித்துக் காட்டினான்: திட்டத்துக்கென ஒதுக்கப்பட்ட முதல்நிலை மருவை அனுமதியின்றி நீக்கி வாரியத்துக்கு இழப்பு ஏற்படுத்தியதற்காக விசாரணை.

"கேசரி கிண்டினியே, இப்ப அனுபவி" என்றான்.

குந்தவை பயந்துபோய் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் விசாரணை அவள் நினைத்த மாதிரி இருக்கவில்லை. காலையிலேயே வாசலில் ஜீப் வந்து நின்றது. அதிகாரிகள் நாற்காலியோடு இறங்கினார்கள். வீடியோ எடுக்க ஒருவர் வந்தார். செவலையை நான்கு பக்கமும் நிற்கவைத்துப் படமெடுத்தார்கள். தெருவே கூடிவிட்டது. குந்தவையை நடுவில் உட்காரவைத்து, அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும், "கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்கம்மா" என்று கேட்டுக் கேட்டு எழுதினார்கள். அவள் பேச்சை இத்தனை பேர் இவ்வளவு கவனமாக அதற்கு முன்பு கேட்டதேயில்லை.

"மருவில் நூலைக் கட்டியபோது உங்கள் மனநிலை என்ன?" என்று மூத்த அதிகாரி கேட்டார்.

"பொறாமைங்க சார்."

அதிகாரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "பொறாமைன்னே எழுதிடலாமா சார்?" என்று கேட்டார் எழுதியவர்.

"வேண்டாம். 'சொந்தக் காரணங்கள்'னு போடுங்க."

அடுத்த வாரம் தஞ்சாவூரிலிருந்து இன்னும் பெரிய அதிகாரி வருவார் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மறுநாள் செய்தித்தாளில் 'மருவை அழித்த பெண்' என்று குந்தவையின் படம் வந்தது. பூவம்மாளுக்கு வந்ததைவிடப் பெரிய படம்.

சாயங்காலம் சுவருக்கு மேல் தலை தெரிந்தது.

"எத்தன பேரு வந்தாங்க குந்தவை?"

"ஆளுங்க நெறையக்கா. வீடியோவெல்லாம் எடுத்தாங்க."

"எனக்கு விருது குடுத்தப்ப வீட்டுப் பக்கம் ஒரு ஈ காக்கா வரல. வாளிய நானேதான் தூக்கிட்டு வந்தேன்." பூவம்மாள் சுவர் மேல் கிடந்த சருகைத் தட்டிவிட்டாள். "பெரிய அதிகாரி வேற வராராமே?"

"வராருக்கா. தஞ்சாவூர்லேருந்து."

விடிந்ததும் பூவம்மாள் வாரிய அலுவலகத்துக்குப் போய்ப் பரிதியின் மேஜை முன்னால் நின்றாள்.

"சார், எனக்கும் விசாரணை வைங்க. நானும்தான் வைத்தியம் பண்ணேன்."

பரிதி எழுந்து கதவைச் சாத்தினார்.

"பூண்டு, மஞ்சள், துளசி, வேப்பிலை எல்லாம் அரைச்சு வெண்ணெயில கொழச்சுத் தெனம் தடவினேன் சார். நீங்க விசிறி மாட்டின மறுநாள்லேருந்தே. சாக்குத் திரை அதுக்குத்தான் கட்டினேன். சிட்டு கண்ணுல தண்ணி வடிஞ்சுது சார். என்னால பாத்துக்கிட்டு நிக்க முடியல."

"நீங்க எதுவும் தடவலைம்மா."

"தடவினேன் சார்."

"தடவலை. தலைவரே மேடையில சொல்லிட்டாரு. நீங்க தடவினதாலதான் போச்சுன்னா, வாரியம் ஒண்ணும் செய்யாததால போச்சுங்கறது பொய்யாயிடும். ஒண்ணும் செய்யாம இருக்க நாங்க பட்ட பாடு வீணாயிடும். வீட்டுக்குப் போங்க."

"ஒரு சின்ன நோட்டீஸாவது குடுங்க சார்."

"அதுக்கெல்லாம் தகுதி வேணும்மா" என்றார் பரிதி.

திரும்பி வந்த பூவம்மாள் நேரே குந்தவையின் தொழுவத்துக்கு வந்தாள். பாகம் பிரித்த பிறகு அவள் இந்தப் பக்கம் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. தரையில் உட்கார்ந்து முந்தானையில் மூக்கைச் சிந்தினாள்.

"தடவினேங்கிறேன், யாருமே நம்ப மாட்டேங்கிறாங்க குந்தவை."

"நான் நம்புறேங்க்கா" என்றாள் குந்தவை.

உண்மையாகவே நம்பினாள். நம்பியதால்தான் அவளுக்கு அன்றைக்கு முழுக்க வேலை ஓடவில்லை. தான் டார்ச் அடித்து மருவை வளர்த்துக்கொண்டிருந்த காலை வேளைகளிலெல்லாம், சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தி மேடை போனாலும் போகட்டுமென்று சாக்குக்குப் பின்னால் மருந்து தடவிக்கொண்டிருந்திருக்கிறாள். விசிறி மேலும் வேன் மேலும் பட்ட பொறாமை வேறு. இது வேறு மாதிரி சுட்டது. இதை எந்த வாரியத்துக்கு மனுப் போட்டும் வாங்க முடியாது.

பெரிய அதிகாரி வந்தார். நாற்காலி, வீடியோ, கூட்டம் எல்லாம் முன்னைவிடப் பலம். கடைசியில் அவர், "வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" என்று கேட்டார்.

குந்தவை எழுந்து நின்றாள். "எழுதிக்கோங்க சார். மருவ முதல்ல அழிச்சது நானில்ல. பூவம்மாக்கா. எனக்கு ரொம்ப முந்தியே தெனம் மருந்து தடவியிருக்காங்க. நான் பொறாமையில பண்ணேன். அவங்க மாட்டுக்காகப் பண்ணாங்க."

எழுதிக்கொண்டிருந்தவரின் பேனா நின்றது. பெரிய அதிகாரி பரிதியைப் பார்த்தார். பரிதி வானத்தைப் பார்த்தார். பிறகு எல்லோரும் எழுந்து ஒதுங்கிப்போய், தென்னை மரத்தடியில் நின்று தணிந்த குரலில் பேசினார்கள். திரும்பி வந்து, ஆவணங்களைத் தீர ஆராய்ந்ததில் இந்த ஊரில் எந்தக் காலத்திலும் எந்த மாட்டுக்கும் மரு இருந்ததில்லை என்று வாரியம் முடிவுக்கு வந்திருப்பதாகவும், இல்லாத மருவை ஒருவர் நீக்கியிருக்க முடியாதென்றும், எனவே விசாரணை கைவிடப்படுவதாகவும் அறிவித்தார்கள். நாற்காலிகளை ஜீப்பில் ஏற்றினார்கள். அப்படியே பூவம்மாள் வீட்டு மின்விசிறியையும் பலகையையும் கழற்றி ஏற்றிக்கொண்டார்கள். மருவே இல்லாத ஊரில் மருப் பசு இல்லம் இருக்கக் கூடாது அல்லவா?

ஜீப்பின் புழுதி அடங்கும்வரை இரண்டு பெண்களும் வாசலில் நின்றார்கள்.

"விசிறி போச்சே" என்றாள் பூவம்மாள்.

"ஆமாங்க்கா."

"உன்னை யாரு சொல்லச் சொன்னா?"

"நீங்கதானே யாரும் நம்ப மாட்டேங்கிறாங்கன்னு அழுதீங்க?"

பூவம்மாள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். "காப்பி போடுறேன், குடிச்சுட்டுப் போ" என்றாள்.

சாயங்காலம் ரெங்கசாமி கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தார். சிட்டு உதைக்காமல் நின்று கறந்தது. அவர் மறுபடி கை கழுவிச் சுவரைச் சுற்றி வந்தார். செவலையும் அசை போட்டபடி நின்று கறந்தது. குவளையில் நுரை பொங்கியது. கன்று மிச்சத்தை முட்டி முட்டிக் குடித்தது. குந்தவை குவளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, குதிகாலை உயர்த்தி, அந்தப் பக்கம் எவ்வளவு கறந்திருக்கிறது என்று பார்க்கச் சுவருக்கு மேலே எட்டினாள். அங்கே பூவம்மாள் ஏற்கெனவே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.